கணித நூல்களைத் தெரிவு செய்தல்: கற்கும் நூலும் உசாத்துணை நூலும்

க.பொ.த. (சாதாரண தரம்) தரம் 10, 11 மாணவர்களுக்கானது



தவணை விடுமுறை தொடங்கியதும் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களின் புத்தகக் கடைகளில் மாணவர் கூட்டம் கூடுவதைக் காணலாம். "கணிதத்துக்கு ஒரு நல்ல புத்தகம் தாங்க" என்று கேட்டால் கடைக்காரர் நான்கைந்து நூல்களை எடுத்து மேசையில் வைப்பார். எல்லாம் தடித்தவை, எல்லாவற்றின் அட்டையிலும் சித்தி நிச்சயம் என்று அச்சிடப்பட்டிருக்கும். எதை வாங்குவது என்பதை அட்டையின் நிறமோ, பக்கத்திலிருக்கும் நண்பனோ தீர்மானித்துவிடுகின்றனர்.

தோட்டத்தில் ஒரு முழுப்பேர் கிடைக்க எத்தனை கிலோ கொழுந்து பறிக்க வேண்டும் என்பதை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பணத்திலிருந்துதான் உங்கள் புத்தகம் வருகின்றது. மறுபுறத்தில், சாதாரண தரத்தில் கணிதபாடச் சித்தி இல்லாதவருக்கு உயர்தரத்திலும் தொழிலிலும் பல கதவுகள் மூடிக்கொள்கின்றன. எனவே கணித நூலைத் தெரிவு செய்வதும் ஒரு கணக்குத்தான். அதனைப் படிமுறையாகச் செய்ய இக்கட்டுரை உதவும்.

இதனை எழுதுபவர் ஒரு கலைப்பட்டதாரி. தமிழும் வரலாறும் கற்க வரும் மாணவர்கள் என்னிடம் கணித நூலையும் நீட்டுவதுண்டு. அவர்கள் கேட்பது பெரும்பாலும் கணக்கை அன்று, "சேர், இந்த வசனம் என்ன கேட்குது?" என்பதையே. கணித நூலும் வாசிக்கப்பட வேண்டிய ஒரு நூல்தான். அந்தப் பக்கத்திலிருந்தே இவ்விடயத்தை அணுகுகின்றேன்.

1. பரீட்சை எதனைக் கேட்கின்றது?

நூலைத் தெரிவு செய்ய முன்னர் பரீட்சையின் அமைப்பைத் தெரிந்திருத்தல் வேண்டும்.

முதலாம் வினாத்தாள் (2 மணித்தியாலம்): பகுதி ஏ-யில் 25 சிறுவினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி, மொத்தம் 50. பகுதி பீ-யில் 5 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி, மொத்தம் 50. எல்லா வினாக்களுக்கும் விடை எழுத வேண்டும்.

இரண்டாம் வினாத்தாள் (3 மணித்தியாலம்): பகுதி ஏ-யில் 6 வினாக்கள், பகுதி பீ-யில் 6 வினாக்கள். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் 5 வீதம் 10 வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். மொத்தம் 100.

இரண்டு வினாத்தாள்களின் கூட்டுத்தொகை இரண்டால் வகுக்கப்பட்டு இறுதிப் புள்ளி பெறப்படுகின்றது.

இதிலிருந்து மூன்று விடயங்கள் தெளிவாகின்றன. முதலாம் வினாத்தாளில் தெரிவு இல்லையாதலால், ஓர் அலகையேனும் முற்றாக விட்டுவிட முடியாது. இறுதி விடைக்கு மட்டுமன்றிப் படிமுறைக்கும் புள்ளி உண்டு. தரம் 10, தரம் 11 ஆகிய இரண்டு ஆண்டுப் பாடங்களும் சோதிக்கப்படுகின்றன. ஆகவே எல்லா அலகுகளையும், எல்லாப் படிமுறைகளையும், இரண்டு ஆண்டுகளையும் உள்ளடக்கும் நூலே உங்களுக்குத் தேவை.

2. முதல் நூல்: பாடநூல்

அத்தகைய நூல் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கின்றது. அது கல்வி வெளியீட்டுத் திணைக்களம் வெளியிடும் கணிதப் பாடநூல். 1980ஆம் ஆண்டு தொடக்கம் அரசாங்கம் பாடநூல்களை இலவசமாக வழங்கி வருகின்றது. இலவசமாகக் கிடைப்பதனாலேயே பலர் அதனைப் பெட்டியில் வைத்துவிட்டு வேறு நூல் தேடுகின்றனர்.

பாடநூலில் ஒவ்வோர் அலகும் முன்னறிவை மீட்டுவதில் தொடங்கி, விளக்கம், செய்துகாட்டிய உதாரணம், பயிற்சி எனச் செல்கின்றது. பரீட்சையில் எந்தச் சொல் வருமோ அந்தச் சொல்லே அதிலும் வருகின்றது. வேறு எந்த நூலுக்கும் இந்த உறுதியை அளிக்க முடியாது.

பாடநூல் தொடர்பாகக் கவனிக்க வேண்டியவை:

(அ) தரம் 10 நூலைக் கைவிடாதீர்கள். ஆண்டிறுதியில் நூலைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தால், ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளப் பாருங்கள். முடியாவிடின் அத்திணைக்களத்தின் இணையத்தளத்திலிருந்து பெற்றுக்கொள்ளலாம். லயத்தில் சமிக்ஞை கிடைக்காதவர்கள் நகரத்துக்கு வரும் நாளில் தரவிறக்கி, தேவையான அலகை மட்டும் அச்சுப்பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

(ஆ) அண்ணனோ அக்காவோ வைத்திருந்த நூலாயின் ஆண்டைப் பாருங்கள். தரம் 10 கணித நூல் 2015இலும் தரம் 11 நூல் 2016இலும் புதிய பாடத்திட்டத்துக்கேற்ப மாற்றப்பட்டன. அதற்கு முற்பட்ட நூல் பயிற்சிக்கு உதவும், பாடத்தின் எல்லையை அறிய உதவாது.

(இ) உதாரணங்களை வாசித்துவிட்டு விளங்கிவிட்டது என்று அடுத்த பக்கம் செல்லக் கூடாது. உதாரணத்தை மூடிவைத்து, நீங்களே செய்து, பின்னர் திறந்து ஒப்பிடுங்கள்.

3. இரண்டாம் நூல்: கடந்தகால வினாத்தாள்களும் புள்ளி வழங்கும் திட்டமும்

பணம் கொடுத்து ஒரே ஒரு நூல் வாங்க முடியுமாயின் அது கடந்தகால வினாத்தாள் தொகுப்பாக இருக்கட்டும். ஆனால் விடைகளின் இறுதி எண்ணை மட்டும் தரும் தொகுப்பை வாங்க வேண்டாம். ஏன் என்பதைப் பின்வரும் கணக்கின் மூலம் பார்ப்போம்.

உதாரணம்: ஒரு மலையில் வேலை செய்த 30 தொழிலாளர் ஒரு நாளில் பறித்த கொழுந்தின் நிறை பற்றிய தகவல் கீழே தரப்பட்டுள்ளது.

நிறை (கி.கி.) 12–16: தொழிலாளர் 6
நிறை (கி.கி.) 16–20: தொழிலாளர் 15
நிறை (கி.கி.) 20–24: தொழிலாளர் 9

(i) ஒரு தொழிலாளி பறித்த கொழுந்தின் இடை நிறையைக் காண்க.
(ii) இதே அளவில் பறித்தால் 25 நாட்களில் இம்மலையில் கிடைக்கும் கொழுந்தின் நிறையை மதிப்பிடுக.

ஒரு தொகுப்பில் விடை "18.4 கி.கி., 13 800 கி.கி." என்று மட்டும் இருக்கும். உங்களுக்கு 17.9 வந்திருந்தால் எங்கே பிழைத்தது என்று அந்நூல் சொல்லாது. நல்ல தொகுப்பில் விடை இவ்வாறு அமைந்திருக்கும்:

நடுப்பெறுமானங்கள்: 14, 18, 22
மீடிறன் × நடுப்பெறுமானம்: 6 × 14 = 84, 15 × 18 = 270, 9 × 22 = 198
கூட்டுத்தொகை: 84 + 270 + 198 = 552
இடை: 552 ÷ 30 = 18.4 கி.கி.
25 நாட்களுக்கு: 552 × 25 = 13 800 கி.கி.

நடுப்பெறுமானம், பெருக்கம், கூட்டுத்தொகை, வகுத்தல் என ஒவ்வொரு படியும் புள்ளி பெறக்கூடிய இடமாகும். கூட்டலில் தவறியவர் கூட, நடுப்பெறுமானத்தையும் பெருக்கத்தையும் எழுதிக் காட்டியிருந்தால் அவற்றுக்குரிய புள்ளிகளைப் பெறுவார். படியை எழுதாமல் விடையை மட்டும் எழுதித் தவறியவருக்கு ஒன்றும் கிடைக்காது.

இலங்கைப் பரீட்சைத் திணைக்களம் புள்ளி வழங்கும் திட்டங்களையும் பாடவாரியான மதிப்பீட்டு அறிக்கைகளையும் வெளியிடுகின்றது. கணிதபாடத்தின் இலக்கம் 32. எந்த வினாவை மாணவர் தவறவிட்டனர், ஏன் தவறவிட்டனர் என்பவற்றை மதிப்பீட்டு அறிக்கை விளக்குகின்றது. பாடசாலையில் ஒரு பிரதி இருந்தாலும் போதும், ஆசிரியரிடம் கேட்டு வாசியுங்கள்.

தற்போதைய பாடத்திட்டத்தின் கீழ் சாதாரண தரப் பரீட்சை முதன்முதலாக 2016இல் நடைபெற்றது. ஆகவே தொகுப்பு வாங்கும்போது 2016உம் அதற்குப் பிற்பட்ட ஆண்டுகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதற்கு முந்திய வினாத்தாள்கள் மேலதிகப் பயிற்சிக்குரியவை.

4. மூன்றாம் நூல்: உசாத்துணை நூல்

கற்கும் நூல் முதலிலிருந்து இறுதிவரை செய்து முடிக்கப்பட வேண்டியது. உசாத்துணை நூல் அவ்வாறானதன்று. ஓர் இடத்தில் தடைப்பட்டால் அந்த இடத்தை மட்டும் திறந்து பார்த்து, மூடிவிட்டுத் திரும்ப வேண்டிய நூல் அது. இவ்வேறுபாடு தெரியாத மாணவர் மூன்று நூல்களிலும் முதலாவது அத்தியாயத்தைச் செய்து, மூன்றிலும் இறுதி அத்தியாயத்தைக் காணாமலே பரீட்சை மண்டபத்துக்குச் செல்வர்.

எனவே உசாத்துணை நூலை வாங்க முன்னர், "எந்த அலகில் பாடநூலின் விளக்கம் எனக்குப் போதவில்லை?" என்று கேளுங்கள். வட்டத் தேற்றங்களா, மடக்கையா, பங்குச் சந்தையா? அலகின் பெயரைச் சொல்ல முடியாவிட்டால் இப்போது நூல் தேவையில்லை. சொல்ல முடியுமாயின், கடையில் அந்த அலகைத் திறந்து பாருங்கள். முதற் பக்கத்தைப் பார்த்து வாங்க வேண்டாம்.

5. தமிழ்நாட்டு நூல்களும் நமது கலைச்சொற்களும்

தமிழ்நாட்டில் வெளியாகும் பத்தாம் வகுப்புக் கணித நூல்கள் இப்போது கைத்தொலைபேசியில் இலகுவாகக் கிடைக்கின்றன. அவை நல்ல நூல்கள். ஆனால் அவை வேறொரு பாடத்திட்டத்துக்கு எழுதப்பட்டவை. நமது மடக்கை, பங்குச் சந்தை அலகுகளை அங்கே தேடினால் கிடைக்காது. நமக்கு வேண்டாத சில பகுதிகள் அங்கே விரிவாக இருக்கும். அத்துடன் கலைச்சொற்களும் வேறானவை. மொழி ஒன்றாக இருந்தும் கணிதச் சொற்கள் இரண்டு வழியாக வளர்ந்துள்ளன.

நமது பாடநூலில் – தமிழ்நாட்டுப் பாடநூலில்

அட்சரகணிதம் – இயற்கணிதம்
கேத்திரகணிதம் – வடிவியல்
திரிகோணகணிதம் – முக்கோணவியல்
தொடை – கணம்
தாயம் – அணி
கூட்டல் விருத்தி – கூட்டுத் தொடர்வரிசை
பெருக்கல் விருத்தி – பெருக்குத் தொடர்வரிசை
ஆரை – ஆரம்
தொடலி – தொடுகோடு
வட்ட நாற்பக்கல் – வட்ட நாற்கரம்
செம்பக்கம் – கர்ணம்
படித்திறன் – சாய்வு
வகுப்பாயிடை – பிரிவு இடைவெளி
மீடிறன் – நிகழ்வெண்
இடை – சராசரி
இடையம் – இடைநிலை அளவு
ஆகாரம் – முகடு

நிகழ்தகவு, மடக்கை போன்ற சில சொற்கள் இரண்டிடத்திலும் ஒன்றே.

வேறு சொல் வந்தால் மாணவர் நின்று யோசிப்பர், அதனால் பெரிய கேடு இல்லை. ஒரே சொல் வேறு பொருளில் வருவதே ஆபத்தானது. நமது நூல்களில் தூரம் மாறும் வீதம் "கதி" எனப்படும். அதனோடு திசையும் சேர்ந்தால் "வேகம்". தமிழ்நாட்டு நூல்களில் நமது கதிதான் "வேகம்", நமது வேகம் "திசைவேகம்". இதனை அறியாமல் இரண்டு நூல்களையும் மாறி மாறி வாசிப்பவர், தமக்குக் குழப்பம் உண்டாகியிருப்பதையே அறியமாட்டார்.

எனவே தமிழ்நாட்டு நூலை உசாத்துணையாக மட்டும் பயன்படுத்துங்கள். மேலேயுள்ள அட்டவணையை ஒரு தாளில் எழுதி அந்நூலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். விடைத்தாளில் நமது பாடநூற் சொற்களையே எழுதுங்கள்.

ஆங்கில மொழிமூல வெளிநாட்டு நூல்களிலும் ஒரு விடயம் கவனிக்கத்தக்கது. அவற்றுட் பல, கணிகருவி கையில் இருக்கின்றது என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. நமது பரீட்சையில் கணிகருவிக்கு இடமில்லை, மடக்கை அட்டவணையையே பயன்படுத்த வேண்டும். அந்நூல்களில் விளக்கத்தைப் படிக்கலாம், கணிப்பு முறையை நமது நூலிலேயே பயில வேண்டும்.

6. கடையில் ஐந்து நிமிடச் சோதனை

எந்த நூலாயினும் பணம் கொடுக்க முன்னர் பின்வருவனவற்றைச் செய்யுங்கள்.

1. பதிப்பு ஆண்டைப் பாருங்கள். எந்தப் பாடத்திட்டத்துக்குரியது என்று குறிப்பிடப்பட்டுள்ளதா?

2. பொருளடக்கத்தைப் பாடநூலின் பொருளடக்கத்தோடு ஒப்பிடுங்கள். இதற்காகப் பாடநூலின் அலகுப் பெயர்களை ஒரு துண்டில் எழுதிச் செல்லுங்கள்.

3. உங்களுக்கு நன்கு தெரிந்த ஓர் அலகைத் திறந்து, விளக்கத்தை வாசியுங்கள். தெரிந்த விடயமே விளங்காமற் போனால், தெரியாத விடயத்தை அந்நூலால் விளக்க முடியாது.

4. மூன்று பயிற்சிக் கணக்குகளை மனத்தில் அல்லது தாளில் செய்து, பின்னுள்ள விடைகளோடு ஒப்பிடுங்கள். மூன்றில் ஒன்று அச்சுப்பிழையாக இருந்தால் நூலை வைத்துவிடுங்கள்.

5. படிமுறைகள் உள்ளனவா என்று பாருங்கள். உதாரணமாக, ஒரு பங்கின் சந்தை விலை 25 ரூபா, வருடாந்தப் பங்கிலாபம் பங்கொன்றுக்கு 2 ரூபா, முதலீடு 50 000 ரூபா எனின் ஆண்டு வருமானம் யாது? நல்ல நூல் 50 000 ÷ 25 = 2 000 பங்குகள் என்பதை முதலில் எழுதி, பின்னரே 2 000 × 2 = 4 000 ரூபா என்று முடிக்கும்.

பரீட்சைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது விற்பனைக்கு வரும் அனுமான வினாத்தாள்கள் பற்றியும் ஒரு வார்த்தை. நேரம் வைத்துச் செய்து பார்க்க அவை பயன்படும். அவற்றில் உள்ளதுதான் வரும் என்று நம்பி ஏனைய அலகுகளை விடுவதற்கு அவை பயன்படா.

7. உயர்தரத்தில் கணிதப் பிரிவை நாடுவோருக்கு

மலையகத்தில் உயர்தரக் கணிதப் பிரிவு உள்ள தமிழ்மொழிமூலப் பாடசாலைகள் குறைவு. ஆனாலும் அதனை நோக்கிச் செல்ல விரும்பும் மாணவர் உங்களில் இருப்பீர்கள். உயர்தரத்தில் இப்பாடம் இணைந்த கணிதம் எனப்படுகின்றது. அதன் முதலாம் வினாத்தாள் தூய கணிதம், இரண்டாம் வினாத்தாள் பிரயோக கணிதம். நிலையியல், இயக்கவியல், நிகழ்தகவு, புள்ளிவிபரவியல் ஆகியன பிரயோக கணிதத்தில் அடங்கும்.

1990களின் இறுதி வரை உயர்தர மாணவர் நான்கு பாடங்களுக்குத் தோற்றினர். தூய கணிதமும் பிரயோக கணிதமும் அப்போது இரண்டு தனிப் பாடங்கள். அக்காலத்துப் பிரயோக கணித நூல்கள் பழைய புத்தகக் கடைகளிலும் ஆசிரியர் வீடுகளிலும் இன்றும் கிடைக்கின்றன. லோனி என்பவரின் நிலையியல், இயக்கவியல் நூல் அவற்றுள் பெயர்பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளிவந்த அந்நூல் பல தலைமுறைகளாகப் பயன்பட்டுள்ளது. அதன் கணக்குகள் ஆழமானவை, ஆனால் அளவுகள் அடியிலும் இறாத்தலிலும் இருக்கும். பாடப்பரப்பும் இன்றைய பாடத்திட்டத்தோடு பொருந்தாது. மலிவாகக் கிடைத்தால் உசாத்துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதனைக் கற்கும் நூலாகக் கொள்ளாதீர்கள். உயர்தரத்துக்கும் முதலில் தேட வேண்டியவை தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியுமே.

இப்போதைக்கு ஒன்று செய்யலாம். சாதாரண தர அட்சரகணிதத்தையும் திரிகோணகணிதத்தையும் ஐயமின்றிக் கற்றுக்கொள்ளுங்கள். பிரயோக கணிதத்தில் தடுமாறுபவர் பலர் விசையிலோ வேகத்திலோ தடுமாறுவதில்லை. சமன்பாட்டைச் சுருக்கும் இடத்திலேயே தடுமாறுகின்றனர்.

8. வாங்காமலே பெறுதல்

நகரசபை, பிரதேச சபை நூலகங்களில் உசாத்துணை நூல்களை இருந்து வாசிக்கலாம். ஒரு தோட்டத்தில் ஐந்து பேர் பரீட்சைக்குத் தோற்றுவீர்களாயின் ஐவரும் ஒரே நூலை வாங்க வேண்டியதில்லை. கடந்தகால வினாத்தாள் தொகுப்பு மட்டும் ஆளுக்கு ஒன்று இருக்கட்டும், உசாத்துணை நூல் ஐவருக்கும் ஒன்று போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் வீட்டில் கூடி, ஒருவர் செய்ததை மற்றவர் புள்ளி வழங்கும் திட்டப்படி திருத்துங்கள். பிறருடைய விடையைத் திருத்தும்போதுதான் படிமுறையின் பெறுமதி தெரியும்.

எந்த நூலாலும் வாங்கித் தர முடியாத நூல் ஒன்றும் உண்டு. அது உங்கள் பிழைக் கொப்பி. தவறவிட்ட ஒவ்வொரு கணக்கையும், அது எந்தப் படியில் தவறியது என்ற ஒரு வரிக் குறிப்புடன், அலகுவாரியாக அதில் எழுதுங்கள். பரீட்சைக்கு முந்திய வாரத்தில் நீங்கள் திறக்க வேண்டிய நூல் அதுவே.

நினைவிற் கொள்க

• பாடநூல் கற்பதற்கு. முழுவதையும் செய்து முடிக்குக.
• கடந்தகால வினாத்தாள் பயிற்சிக்கு. புள்ளி வழங்கும் திட்டத்தோடு செய்க.
• உசாத்துணை நூல் தடைப்படும் இடத்துக்கு மட்டும்.
• எந்த அலகுக்காக வாங்குகின்றேன் என்று சொல்ல முடியாத நூலை வாங்காதிருக்க.

பயிற்சி

1. உங்களிடம் இப்போதுள்ள கணித நூல்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் கற்பதற்கா, பயிற்சிக்கா, உசாத்துணைக்கா என்று எழுதுக.

2. "ஒரு செங்கோண முக்கோணத்தின் கர்ணம் 13 செ.மீ., ஒரு பக்கம் 5 செ.மீ. எனில் மற்றப் பக்கத்தைக் காண்க." இவ்வினாவை நமது பாடநூற் சொல்லில் மாற்றி எழுதி, படிமுறையுடன் விடை காண்க. (விடை: 12 செ.மீ.)

3. மேலே தரப்பட்ட கொழுந்துக் கணக்கில் 20–24 வகுப்பாயிடையின் மீடிறன் 9 அன்றி 19 எனின், தொழிலாளர் தொகை 40 ஆகும். புதிய இடையைக் காண்க. (விடை: 19.3 கி.கி.)

4. இரண்டாம், மூன்றாம் வினாக்களை நண்பர் ஒருவருடன் கொப்பி மாற்றித் திருத்துக. விடை சரியாக இருந்தும் படி விடுபட்ட இடங்களைச் சிவப்புப் பேனையால் குறித்துக் கொடுக்குக.